கையெழுத்துப் போடுமுன் எங்களுக்கும் காட்டுங்கள்

பொதுப் படுகடன் முகாமைத்துவ அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2022 ஜனவரி 18ஆம் திகதி இலங்கை, வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கடன்பத்திரம் விற்று எடுத்த 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைத் தவறாமல் அடைத்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டு எரிவாயு சிலிண்டர் வெறுமையாகக் கிடந்தது. அம்மா முற்றத்தில் கல்லடுப்பு மூட்டினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்துவிட்டது. அந்த 50 கோடிக்கு எரிவாயுவும் மருந்தும் வாங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

வெளிநாட்டுக் கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பல உவராகிவிட்டன. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதே, அது ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்ததுதான். அப்படிப்பட்ட கடனை ஆறுதலாக, பல ஆண்டுகளில் அடைக்கலாம்.

பிணைமுறி அப்படியல்ல. 2007இல் முதன்முதலாக 50 கோடி டொலர் எடுத்தோம்: 5 ஆண்டுத் தவணை, 8.25 வீத வட்டி. தவணை முடியும் நாளில் முழுத்தொகையையும் டொலராகவே வைக்க வேண்டும். ஒரு வீதியோ துறைமுகமோ போட்ட காசைத் திருப்பித் தர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். வீதி தருவதும் ரூபாய்தான். அப்புறம் என்ன, பழைய பிணைமுறியை அடைக்கப் புதிய பிணைமுறி. 2019 இறுதியில் வரிகளையும் வெட்டினார்கள், அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, புதுக்கடன் தர யாரும் இல்லை.

சுமை யார் தலையில் விழுந்தது? 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த அரச முறிகளுக்கு வட்டி குறைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் முதுமைக் காசு அது. 2024 டிசம்பரில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த புதிய முறிகளிலோ, பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சேமலாப நிதியத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, கேட்பது இதுதான். இனி எந்த வெளிநாட்டுக் கடனுக்கும் கையெழுத்துப் போடுமுன் ஒரு பக்கத்தில், மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள்: எதற்காக, எத்தனை ஆண்டு, என்ன வட்டி, அடைக்க டொலர் எங்கிருந்து வரும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கடனை எடுக்காதீர்கள். 2028இல் பிற நாட்டு அரசுகளிடம் வாங்கிய இருதரப்புக் கடன்களின் முதலையும் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே இந்த வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
சேமலாப நிதியத்தில் பணம் கட்டிவரும் ஒரு தொழிலாளி,
பருத்தித்துறை