கோல்ஃப் கதையை முழுதாகச் சொல்லுங்கள்: நம் உதைபந்தாட்ட லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன கூட்டத்தில், வெளிப் போட்டியில் ஆடிய வீரர்களுக்கு லீக் போட்ட தடை பற்றிக் கேட்டபோது உங்களில் ஒருவர் எழும்பிச் சொன்ன பதில் இது: "கோல்ஃப் எவ்வளவு பெரிய விளையாட்டு. அங்கேயே மாற்றுத் தொடருக்குப் போனவங்களை நிப்பாட்டினவங்கள். நாங்கள் செய்தால் மட்டும் பிழையோ?"

யாரும் வாய் திறக்கவில்லை. வன்னியில் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம்? கொழும்பிலும் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரன் காலத்து கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதோடு சரி. மறுத்துப் பேச ஆளில்லாத உதாரணமாகப் பார்த்து எடுத்தது கெட்டித்தனம்தான். ஆனால் அதைச் சபையில் வைத்த பிறகு, மிச்சக் கதையையும் கேட்கத்தான் வேண்டும். நான் தேடி வாசித்ததைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், வந்த விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன்: ஞாபகார்த்தக் கிண்ணத்தில் ஆடியதற்காகத் தடை செய்யப்பட்ட வீரர்களை வரப்போகும் மாவட்டக் கிண்ணத்தில் ஆட விடுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் தகப்பனின் நினைவாக மின்னொளியில் ஒன்பது பேர் ஆட்டம் நடத்தினார்கள். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. அதே கிழமையில் லீக் ஆட்டங்களும் விழுந்ததால் சில கழகங்களுக்கு ஆள் காணாமல் போனது. உங்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

இனி கோல்ஃபுக்கு வருவோம்.

2022 ஜூன் 9, லண்டனுக்குப் பக்கத்தில் லிவ் என்ற புதிய கோல்ஃப் தொடரின் முதல் போட்டி தொடங்கியது. பணம் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துடையது. மொத்தப் பரிசு 2.5 கோடி டொலர். முதலாவதாக வருபவருக்கு 40 இலட்சம், கடைசியாக வருபவருக்கும் 1,20,000. அன்றைக்கே, அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் தொடரை நடத்தும் பிஜிஏ டூர், அங்கே போன தன் உறுப்பினர்கள் 17 பேரை இடைநிறுத்தியது. இதுவரை உங்கள் உதாரணம் சரி. நீங்கள் வாசித்ததும் இதுவரைதான் போலிருக்கிறது.

அடுத்த கிழமையே பொஸ்டனுக்குப் பக்கத்தில் யுஎஸ் ஓப்பன். கோல்ஃபில் மேஜர் என்று சொல்லும் நான்கு பெரிய போட்டிகளில் அது ஒன்று. டூர் நிறுத்திய ஆட்களில் தகுதி பெற்றிருந்தவர்கள் அங்கே போய் ஆடினார்கள். ஏனென்றால் மேஜர்களை நடத்துவது டூர் இல்லை. யுஎஸ் ஓப்பனை நடத்துவது அமெரிக்க கோல்ஃப் சங்கம். ஏற்கெனவே தகுதி பெற்றவனை இடையில் வந்த சண்டைக்காக வெளியே தள்ளுவது நியாயமில்லை என்று அந்தச் சங்கம் முடிவெடுத்தது.

ஜூலையில் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸில் இன்னொரு மேஜரான ஓப்பனின் 150ஆவது போட்டி. அப்போது லிவ் தொடரின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கிரெக் நோர்மன். அதே ஓப்பனை 1986இலும் 1993இலும் வென்றவர். பழைய சம்பியன்களுக்கு நடந்த கொண்டாட்டத்துக்கும் விருந்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனால் அவருடைய தொடரில் ஆடியவர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். கவனியுங்கள் ஐயா. போட்டி நடத்தியவருக்கு விருந்து இல்லை, ஆடியவனுக்கு ஆட்டம் உண்டு. நம்மிடத்தில் எல்லாம் தலைகீழ். கிண்ணத்தை நடத்தியவர்களுக்கு வேறொரு விழாவில் உங்கள் கையாலேயே பொன்னாடை போர்த்தி வழியனுப்பினீர்கள். தடை மட்டும் பெடியன்களின் தலையில் விழுந்தது.

புரூக்ஸ் கெப்கா என்று ஒருவர். முழங்கால் காயத்தோடு இழுபட்டு, 2022இல் லிவ் பக்கம் போனவர். அப்போது டூரில் அவருக்கு இடமில்லை. 2023 ஏப்ரலில் மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டிக்கு வந்தார். மூன்று சுற்று முடியும்வரை முன்னிலையில் நின்று, கடைசி நாளில் விட்டுக்கொடுத்து இரண்டாமிடத்துக்கு இறங்கினார். அடுத்த மாதம் ஓக் ஹில் மைதானத்தில் பிஜிஏ சம்பியன்ஷிப். பெயர் ஒத்திருந்தாலும் இதுவும் ஒரு மேஜர், டூர் நடத்துவதில்லை. இந்த முறை விடவில்லை. இரண்டு மட்டையடி வித்தியாசத்தில் வென்றார். அது அவருடைய 5ஆவது மேஜர். லிவ் தொடரில் இருந்துகொண்டே மேஜர் ஒன்றை வென்ற முதல் ஆள் அவர்தான். அதே வருடம் ரோமில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதிய ரைடர் கிண்ணத்துக்கு, அமெரிக்க அணித்தலைவர் தன் சொந்தத் தெரிவாக அவரைச் சேர்த்துக்கொண்டார். நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது எந்தத் தொடரில் ஆடினாய் என்று கேட்டு நிற்கவில்லை.

இதற்கு நடுவில் 2023 ஜூன் 6ஆம் திகதி, போனவர்களை நிறுத்திய அதே பிஜிஏ டூர், அதே சவூதி நிதியத்தோடு சேர்ந்து வேலை செய்ய இணக்கம் கண்டதாக அறிவித்தது. மேலே இருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். விசுவாசமாக இருந்து பணத்தை வேண்டாம் என்ற வீரர்கள் செய்தியில் பார்த்துத்தான் அறிந்தார்கள். நாளைக்கு நம் நிர்வாகமும் அந்தக் கனடாக்காரரும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் வராது. அன்றைக்குத் தடை வாங்கிய பெடியன் எங்கே நிற்பான் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லிவ் தொடருக்கு எதிராக ஆரம்பத்தில் அதிகம் சத்தம் போட்டவர் ரோரி மக்கில்ரோய். லிவ் பக்கம் போன பெரிய பெயர்களில் ஒன்று பிரைசன் டிஷாம்போ. 2024 யுஎஸ் ஓப்பனில் டிஷாம்போ ஒரே மட்டையடி வித்தியாசத்தில் மக்கில்ரோயை வென்றார். 2025 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் இரண்டு பேரும் கடைசிச் சோடியாகச் சேர்ந்து நடந்தார்கள். அன்று வென்றது மக்கில்ரோய். நான்கு மேஜர்களையும் வென்றவர்கள் பட்டியலில் அன்றுதான் அவர் சேர்ந்தார். டிஷாம்போவை வாசலிலேயே மறித்திருந்தால் அந்த இரண்டு நாளிலும் பார்க்க என்ன இருந்திருக்கும்?

அங்கே நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. அங்கே போனவர்கள் ஏற்கெனவே கோடீஸ்வரர்கள். பணம் வந்த இடமும் சாதாரணமானதில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் உறவுகளை இழந்த குடும்பங்கள், அது சவூதிப் பணம் என்பதால் அந்தத் தொடரை எதிர்த்துக் குரல் கொடுத்தன. நம்முடைய கிண்ணத்துக்கு வந்தது குளிரில் இரவு வேலை செய்து சேர்த்த காசு. அதில் யாருக்கு என்ன கறை தெரிகிறது?

பெரிய வித்தியாசம் வேறு. 2022 மே மாதத்திலேயே லண்டன் போட்டிக்குப் போக அனுமதி கேட்டவர்களுக்கு இல்லை என்று டூர் பதில் சொல்லிவிட்டது. விதி இது, மீறினால் நடவடிக்கை இது என்று தெரிந்துகொண்டுதான் போனார்கள். நம் பெடியன்களுக்கு யார் சொன்னது? கிண்ணம் முடிந்து, பரிசு கொடுத்து, மின்குமிழ் எல்லாம் கழற்றிக் கொண்டுபோன பிறகு வட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. இறப்பர் முத்திரை பாதி வெட்டுப்பட்டிருந்தது. எந்த விதி என்று இலக்கம் இல்லை. விசாரணை இல்லை. "மறு அறிவித்தல் வரை" என்று மட்டும் இருந்தது. மறு அறிவித்தல் இன்னும் வரவில்லை.

எங்கள் கழகத்துப் பந்துக்காப்பாளரை உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. தாயோடு கடற்கரைப் பக்கம் இருக்கிறான். தகப்பன் ஏன் இல்லை என்று வன்னியில் அந்த வயதுப் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. மேசனுக்குக் கையாளாகப் போகிறான். லீக் ஆட்டம் என்றால் அன்றைய கூலி போச்சு. பஸ் காசும் அவனுடையது. மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வெயில் ஏற மைதானத்துக்கு வந்து சேர்வான். ஆட்டம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். திரும்பிப் போவது யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிளில்.

போன பருவத்தில் அவனுடைய சப்பாத்தின் அடி வாய் பிளந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. பிறகு வலை தைக்கிற தங்கூசியை எடுத்து அவனே சுற்றிவரத் தைத்தான். விரலில் குத்தாமல் இருக்க முடிச்சுகளை வெளிப்பக்கம் விட்டிருந்தான். அந்தச் சப்பாத்தோடுதான் அரையிறுதியில் தண்டனை உதை இரண்டைப் பிடித்தான். அதைப் பார்த்து நீங்களும் எழும்பி நின்று கைதட்டினீர்கள்.

ஞாபகார்த்தக் கிண்ணத்தில் ஆட வந்த ஒவ்வொருவனுக்கும் போக்குவரத்துச் செலவும் சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள். சிறந்த பந்துக்காப்பாளர் என்று இவனுக்கு ஓர் உறை. அந்தக் காசில் குசினிக்குத் தகரம் போட்டான். மிச்சத்துக்கு ஒரு சோடி கையுறை வாங்கினான். அதுவரைக்கும் எங்கள் இரண்டு காப்பாளர்களும் மாறி மாறிப் போட்டது ஒரே சோடிதான். தடைக் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, கேட்டாங்கள், போனன். வேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லையே?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள்.

மாவட்டக் கிண்ணத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பது கேடயத்துக்காக இல்லை. மாகாண அணிக்கு ஆள் பார்க்க வருவது அந்தப் போட்டிக்குத்தான். அங்கே கிடைக்கிற சான்றிதழைத்தான் வேலை நேர்முகத்தில் கோவையில் வைத்துக் காட்டுகிறார்கள். கெப்காவுக்கு ஒரு கதவை அடைத்தபோது இன்னும் நான்கு கதவு திறந்திருந்தது. இங்கே இருப்பது ஒரே கதவு. லீக்கும் நீங்கள், மாவட்டக் கிண்ணமும் நீங்கள், தெரிவுக்குழுவும் நீங்கள். அதனால்தான் கேட்கிறேன். லீக்கின் கோபத்தை லீக்கோடு வைத்துக்கொண்டு, மாவட்டக் கிண்ணத்தில் அவர்களை ஆட விடுங்கள்.

"பெடியன்கள் காசுக்குப் பின்னால் போகிறார்கள்" என்று உங்களில் இன்னொருவர் வருத்தப்பட்டார். போகட்டுமே. எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவது அவர்கள்தான். மாட்டை விரட்டிவிட்டுச் சாணத்தை அள்ளுவதும் அவர்கள்தான். மைதானத்தில் குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை. நம் இறுதியாட்ட அழைப்பிதழில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் போனது. ஆடுகிற அணிகளின் பெயருக்கு இடம் காணவில்லை. போன முறை பிரதம விருந்தினர் வரும்வரை ஆட்டத்தைப் பிடித்துவைத்து, இரண்டாம் பாதி மைமலில் நடந்தது. பந்து எது, தலை எது என்று மத்தியஸ்தருக்கே தெரியவில்லை. நமக்கு மின்னொளி வசதி இல்லை என்பது யாருடைய குற்றமும் இல்லை. இருந்த சூரிய வெளிச்சத்தை மாலை போடுவதில் செலவழித்தது யார்? அப்புறம் மின்னொளியில் ஆடப் போனவனைப் பிடித்துத் தண்டிக்கிறோம்.

சரி, அது வேறு கதை. கோபத்தில் எழுதிவிட்டேன். நிர்வாகத்தில் இருக்கிற நீங்களும் சொந்தக் காசில் பெற்றோல் அடித்து ஓடித்திரிகிறவர்கள்தான். உங்களைக் குறைத்துப் பேச இந்த மடலை எழுதவில்லை.

லீக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் போட்டி நடத்த வந்தால் திகதியை முதலில் உங்களோடு பேசட்டும். லீக் கிழமையில் வேறு போட்டி இல்லை என்று விதி எழுதி, எல்லாக் கழகங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் கழகம் முதலாவதாக வைக்கும். அதன் பிறகும் ஒருவன் மீறிப் போனால் தண்டியுங்கள், நானே உங்கள் பக்கம் பேசுகிறேன். இல்லாத விதியை மீறியதாக இந்த வருடப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம்.

லீக் தடையை முழுதாக நீக்குவது பற்றி ஆறுதலாக இருந்து பேசலாம், அதற்கு அவசரமில்லை. மாவட்டக் கிண்ணத்துக்கு அவசரம் இருக்கிறது. தயவுசெய்து அந்த வீரர்களை அதில் ஆட அனுமதியுங்கள். வீரர் பட்டியல் கொடுக்கும் கடைசித் திகதிக்கு முன் உங்கள் முடிவைத் தாருங்கள். வட்ஸ்அப்பில் படமாக வேண்டாம். கடிதத் தலைப்பில், விதி இலக்கத்தோடு, முழு முத்திரையோடு வேண்டும். எங்கள் பட்டியலில் பந்துக்காப்பாளரின் பெயரை முதலாவதாக எழுதித்தான் தருவோம். வெட்டுவதென்றால் நீங்கள் வெட்டி, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் லீக்கில் பதிவு செய்த ஒரு கழகத்தின் பொருளாளர்