மேலே படவில்லை என்றாயே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நாளைக்குக் கோயிலில் ஆடிக் கஞ்சி. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், பாதியில் கையைக் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

உன் வார்டு சீனியர் நர்ஸ், அந்த சிஸ்டர், புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸிங் ட்ரேயை உன்மேல் தள்ளியதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். "மேலே படலைம்மா" என்றாய். கிட்னி டிஷ் உருண்ட சத்தத்தில் நாலாம் கட்டில் பாட்டி பயந்து எழுந்ததையும் நீதான் சொன்னாய். அப்புறம் மேலே பட்டால் என்ன, படாவிட்டால் என்ன?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் அப்படி ஒரு சிஸ்டராக இருந்தவள்தான். ட்ரேயைத் தள்ளியதில்லை, என் ஆயுதம் முதுகு. புதிதாக வந்த ஒரு பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் முடிந்து நோயாளிகளின் விவரம் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே ஒப்பித்தேன். ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டாயிற்றா என்று அவள் கேட்டாள். "காது கேட்காதா?" என்றேன். சார்ட்டிலும் நான் எழுதியிருக்கவில்லை. மறுபடி கேட்கப் பயந்து அவள் ஊசியோடு போயிருக்கிறாள். "சிஸ்டர் இப்பத்தானே போட்டாங்க" என்று அந்த அம்மாவே சொன்னதால் தப்பித்தோம். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தால்? பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அந்தப் பெண் மூன்றே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் மேட்ரனைக் கடிப்பார், மேட்ரன் சிஸ்டரை, சிஸ்டர் உன்னை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான். அந்த மாமியாரும் ஒரு காலத்து மருமகள். ஆள் பற்றாக்குறை, இரண்டு வார்டுக்கு ஒரு சிஸ்டர், எல்லாம் உண்மைதான். அதற்காக ட்ரே பறக்க வேண்டுமா?

"கம்யூனிட்டி சர்வீஸ் ஒரு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்" என்றாய். படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் கட்டாயமாக வேலை பார்க்கும் அந்த ஏற்பாடு எங்கள் காலத்தில் கிடையாது, நர்சுகளுக்கு 2008-இல்தான் வந்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்ட பெண்தான் அடுத்த வருஷம் வரும் புதுப்பெண்ணைக் கடிக்கிறாள். நான் அப்படித்தான் ஆனேன்.

வேலையை விடும் முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். 2004-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அங்கே சொன்னார்கள். மார்த்தா கிரிஃபின் என்ற நர்ஸ், அமெரிக்காவில் பாஸ்டனில், புதிதாக வேலைக்கு வந்த 26 நர்சுகளுக்கு இதற்காகவே பாடம் நடத்தியிருக்கிறார். யாராவது சீண்டினால் என்ன பதில் சொல்வது என்று சின்ன அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு மாட்டிக்கொள்ளக் கொடுத்தாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. சண்டை நேரத்தில் நம் வாயில் வார்த்தை வராது, முன்னாடியே வைத்திருக்க வேண்டும். உனக்கு நான் ஒன்று எழுதித் தருகிறேன்: "சிஸ்டர், தப்பு செய்திருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பொருளை என்மேல் தள்ளாதீர்கள்." குரலை உயர்த்தாதே, மன்னிப்பும் கேட்காதே. கண்ணாடி முன்னால் நாலு தரம் சொல்லிப் பார்.

அதோடு இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, மணி, யார் பார்த்தார்கள் என்று எழுதிவை. வார்டு மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள். 2022 மார்ச் 18 முதல் வேலையிடத் துன்புறுத்தலுக்கென்றே நம் தென்னாப்பிரிக்காவில் நடைமுறை விதிகள் இருக்கின்றன. மோசமான சம்பவம் ஒன்று நடந்தாலே துன்புறுத்தலாகலாம். திரும்பத் திரும்ப நடந்தால்தான் என்றில்லை. மேலே சொல்லியும் அவர்கள் அசையாவிட்டால், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ-வுக்குப் போகலாம். அதற்கு ஆறு மாதம்தான் கெடு, எனவே தேதி முக்கியம். மேனேஜர் அந்த சிஸ்டரின் தோழி என்றாயே, அப்படியானால் அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

மாமா வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க் வருகிறார். மாங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறேன், இரண்டு பாட்டில். ஒன்று உனக்கு, இன்னொன்றை வார்டு டீ ரூமில் வை. நோட்டில் எழுதிய முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்று ராத்திரிக்குள் எனக்கு அனுப்பு. வெங்காயம் இன்னும் பாதி உரிக்காமல் கிடக்கிறது.

அம்மா