சில்க்கிக் கோழி வாங்குமுன்

நீர்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள சிவநேசனுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில்க்கிக் கோழிச் சோடி ஒன்று வாங்கப் போவதாக எழுதியிருந்தீர். காசு கொடுக்குமுன் நான் அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பூர்வீகம் சீனம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். 13ஆம் நூற்றாண்டில் அங்கு போன மார்க்கோ போலோ, இறகின்றிப் பூனைமயிர் போர்த்த கறுப்புக் கோழிகளைப் பற்றிக் குறித்திருக்கிறார். உண்மையில் அந்த மயிரும் இறகுதான். இழைகளை ஒன்றோடொன்று கொளுவிப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் சரியாக அமையாதபடியால், அவை பிரிந்து பஞ்சாக நிற்கின்றன. அதனால் பறக்க இயலாது. மேலே விழும் மழைநீரும் வழிந்தோடாமல் ஊறிவிடும். ஊர்க்கோழியைப் போல மாமரக் கொப்பில் அடைய விடலாம் என்று எண்ணவேண்டாம். கார்த்திகை மழைக்குத் தூவானம் அடிக்காத கூடும், ஏறிப்போகச் சாய்வாக ஒரு பலகையும் வேண்டும்.

பஞ்சை விலக்கிப் பார்த்தால் தோல் நீலம் கலந்த கறுப்பு; இறைச்சியும் எலும்பும் கறுப்பு; காலில் நான்குக்குப் பதிலாக ஐந்து விரல். முட்டை மட்டும் வெளிறிய நிறம். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத் கோழியின் கறுப்பும் இதே மரபணு மாற்றத்தால் வந்ததுதான் என்றாலும், அதற்குச் சாதாரண இறகே உண்டு. கறுப்பு இறைச்சி சகல நோயையும் தீர்க்கும் என்று முகநூலில் கூவுபவர்களை நான் நம்புவதில்லை. சீனர் பிள்ளைபெற்ற தாய்க்கு அதில் சூப் வைத்துக் கொடுப்பது, நம் வீடுகளில் சரக்கரைத்துக் கறி வைப்பது போன்ற ஒரு வழக்கம், மிச்சமெல்லாம் வியாபாரம்.

விரலை எண்ணிப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதேயும். ஊர்ச்சேவலோடு கலந்த குஞ்சுக்கும் ஐந்து விரல் வரலாம். பஞ்சிறகோ தாய் தகப்பன் இருவழியிலும் வந்தால்தான் வெளிப்படும். பொரித்த புதிதில் எந்தக் குஞ்சும் பஞ்சாகத்தானே இருக்கும்? ஆகவே செட்டையில் இறகு முளைக்கும் வரை பொறுத்திரும்.

முட்டைக்கென்று வளர்ப்பவருக்கு இது தலையிடிதான்; கொஞ்சம் இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்காகவே நான் இதை வளர்க்கிறேன். தாரா முட்டை பொரிக்க 28 நாள் வேண்டும். 21 நாளில் தன் குஞ்சைப் பொரிக்கும் இப்பேடு, அதற்கும் சலிக்காமல் கிடக்கிறது. கையை நீட்டினால் கொத்துவதில்லை; உடம்பைச் சிலிர்த்து உறுமிக்கொண்டு, வெளியே தெரியும் முட்டையை அலகால் வயிற்றடிக்கு இழுத்துக்கொள்ளும். கொண்டை கண்ணை மறைப்பதால் பருந்து வருவது அதற்குத் தெரியாது. ஆகவே கொண்டை மயிரை நீர் சற்றுக் கத்தரித்துவிடும்.

தையில் நீர் வரும்போது என்னிடமே வளர்ந்த குஞ்சுகள் இருக்கும். சேவலா பேடா என்று நிச்சயமாகச் சொல்ல மாதங்கள் ஆகும் என்பதால், சோடியாகக் கேட்காமல் நாலைந்தாகக் கொண்டுபோம். சேவல் கூடினால் திருப்பி அனுப்பும்.

அன்புடன்,
உமது நண்பன்
குணம்