சென்சார் மாற்றிய பின்னும் எரியும் செக் இன்ஜின் விளக்கு: முறையான சோதனை செய்யவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோரிப் புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் தயாரிப்பான எனது பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கியதும், கோவையிலுள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியை ஒப்படைத்தேன். ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்ததாகச் சொல்லி, இன்ஜின் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் முன்புற ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, பாகத்துக்கும் கூலிக்கும் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டார்கள். வழக்கம்போல மலையேறி இறங்கிவந்த சில நாட்களிலேயே, குஞ்சப்பனை சோதனைச்சாவடியைத் தாண்டிய ஏற்றத்தில் அதே விளக்கு மீண்டும் எரிந்தது; குறியீடும் அதேதான். இரண்டாவது முறை கொண்டுபோனபோது குறியீட்டை அழித்துவிட்டு, செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "விளக்கு அணைந்தது, வாகனம் சரி" என்று எழுதிக் கொடுத்தார்கள். விளக்கு மறுபடியும் வந்துவிட்டது.

பி0171 என்பது எந்தப் பாகத்தின் பெயரும் அல்ல. காற்றின் அளவுக்கு ஏற்ற பெட்ரோல் கலவையில் இல்லை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் காரின் கணினி தன்னால் இயன்ற வரை கூடுதலாகப் பெட்ரோல் செலுத்தியும் ஈடுகட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். ஃபியூல் பம்ப்பின் அழுத்தக் குறைவு, அடைபட்ட ஃபில்டர் அல்லது இன்ஜெக்டர், காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கக் கசிவு, சென்சாருக்கு முன்னால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள கசிவு என இதற்குக் காரணங்கள் பல. சென்சாரே தவறாகக் காட்டுவதும் அவற்றுள் ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கலவையில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி, சென்சாரின் அளவீடு அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்த்தால் அது நல்ல நிலையில் உள்ளதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தச் சோதனை நடந்ததற்கான குறிப்பு எதுவும் ஜாப் கார்டில் இல்லை. கழற்றிய சென்சாரும் கேட்ட பிறகும் என்னிடம் தரப்படவில்லை.

இதைவிட என்னை வருத்தியது சர்வீஸ் அட்வைசர் தந்த விளக்கம். மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் விளக்கு எரியத்தான் செய்யும் என்றார். அடர்த்தி குறைந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு. கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காவிட்டால் கலவையில் பெட்ரோல்தான் மிகுதியாகும். எனது காரின் குறியீடோ பெட்ரோல் போதவில்லை என்கிறது. காரணமாகச் சொன்னதும் குறியீடு சொல்வதும் நேர் எதிரானவை. தவிர, காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும்தான் இந்த இன்ஜினில் கணினியும் சென்சார்களும் இருக்கின்றன. இதே மாடல் கார்கள் குன்னூரிலும் உதகையிலும் விளக்கு எரியாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மலையில் வாழ்வோருக்குக் கார் விற்ற நிறுவனத்தின் சார்பில், மலையையே காரணம் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது முறையல்ல.

கோத்தகிரியில் உள்ள மெக்கானிக் ஒருவர் தமது ஸ்கேனரைப் பொருத்தி, என்னுடன் ஏற்றத்தில் பயணம் செய்தார். கார் ஐடிலிங்கில் நின்றபோது ஃபியூல் ட்ரிம், அதாவது கலவையை ஈடுகட்டக் கணினி கூடுதலாகச் செலுத்தும் பெட்ரோலின் அளவு, 5 சதவீதத்துக்குள் இருந்தது. இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவைத் திரும்பி ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அது 20 சதவீதத்தைத் தாண்டியது, இழுவையும் தளர்ந்தது. சுமை கூடும்போது மட்டும் பெட்ரோல் போதாமல் போவது, முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃபியூல் பம்ப்பும் ஃபில்டரும்தான் என்று காட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கோவையின் சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை வெளிப்படாது. பழுது பதிவான கணத்தில் இன்ஜின் எந்த வேகத்திலும் சுமையிலும் இருந்தது என்பதைக் கணினி ஃப்ரீஸ் ஃப்ரேமாகச் சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தபோது அந்தத் தடயமும் அழிந்துபோனது. வளைவில் பின்னால் பேருந்து வரும்போது இழுவை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, மலைச்சாலை ஏற்றத்தில், என் முன்னிலையில், ஃபியூல் அழுத்தத்தை கேஜ் பொருத்தி அளந்து, எக்ஸாஸ்ட், இன்டேக் கசிவுகளையும் பார்த்து, அளவீடுகளை எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரண்டி நடப்பில் உள்ளதால் உண்மையான பழுதைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பழைய சென்சாரை ஒப்படைத்து, அது பழுதானது என்று நிரூபிக்க இயலாவிட்டால், அதற்குப் பெற்ற முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இனி என் அனுமதியின்றி, பதிவான தரவுகளைப் பிரதி எடுக்காமல், குறியீட்டை அழிக்கக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, நான் வசிக்கும் நீலகிரி மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாட்டுக்காக முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பில், ஜாப் கார்டுகள், ஸ்கேனர் திரையின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாகன உரிமையாளர்