அரசு விளையாட்டு அரங்குகளில் கேமராவுக்கு ஒரே விதி கோரி மனு

அனுப்புநர்:
ஸ்டுடியோ புகைப்படக்காரர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு விளையாட்டு அரங்குகளுக்குப் பார்வையாளர்கள் கேமரா கொண்டுவருவது குறித்து மாநிலம் முழுவதற்கும் ஒரே எழுத்து விதி வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். நான் கோவில்பட்டியில் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வீட்டு விசேஷங்கள்தான் பிழைப்பு. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத வீடு குறைவு. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன்தான். அதனால் முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களுக்குக் காசு வாங்குவதில்லை. பிள்ளைகளின் வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். பள்ளிக்கூடம் கேட்டால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். அணி ஜெயித்து வந்த மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள், அதில் பாதிப் படம் நான் எடுத்ததாக இருக்கும்.

சென்ற வருடம் வெளி மாவட்டத்து அரங்கம் ஒன்றில் பள்ளி மாணவிகளுக்கு மூன்று நாள் ஹாக்கிப் போட்டி நடந்தது. எந்த அரங்கம், நடத்தியவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை. யார் மேலும் நடவடிக்கை கேட்டு இந்த மனுவை அனுப்பவில்லை.

முதல் நாள் கேட்டில் பையைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார்கள். கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் நாள் வேறொரு காவலாளி நின்றார். "அண்ணே, பெரிய லென்ஸ் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். "எவ்வளவு பெரிசு தம்பி?" என்று கேட்டேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் காட்டினார். என்னிடம் இருந்தது 70-200 மில்லிமீட்டர் லென்ஸ். (இந்த எண் லென்ஸின் நீளம் அல்ல; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) முன்னால் மாட்டியிருந்த ஹூட்டை, அதாவது வெளிச்சம் மறைக்கும் வளையத்தை, கழற்றிவிட்டு நீட்டினேன். அவரே கையை வைத்துப் பார்த்தார், சாணுக்குள் அடங்கிவிட்டது. "சரி, போங்கண்ணே" என்று விட்டுவிட்டார். உள்ளே போனதும் ஹூட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அந்தத் தம்பியின் விரல் கொஞ்சம் குட்டையாக இருந்திருந்தால் அன்றைக்கும் நான் வெளியேதான்.

மூன்றாம் நாள் இறுதிப் போட்டி. சாயங்காலம், விளக்கு வெளிச்சத்தில். இந்த முறை கேட்டில் நின்றவர், லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா எதுவுமே கூடாது, ஆபீஸ் லெட்டர் இருந்தால் விடலாம் என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. அரங்க அலுவலகத்துக்கு நடந்தேன். பூட்டியிருந்தது; சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போயிருக்கிறார்கள் என்றார் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா.

திரும்பி வந்தபோது ஒரு பெரியவர் நிக்கான் பி900 கேமராவோடு என் கண் முன்னால் உள்ளே போனார். அதில் லென்ஸ் கழலாது, அதனால் தடையில்லை. ஆனால் அந்தக் கேமரா 83 மடங்கு ஜூம் போகும், அதாவது 2000 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். வெளியே நிறுத்தப்பட்ட என் லென்ஸ் 200. பெரியவர் பேத்தியைப் படமெடுக்க ஆசையாக வந்தவர், அவரை விட்டது சரிதான். தூரத்தில் இருப்பதை இழுத்துப் பிடிக்கும் கேமரா கூடாது என்பதுதான் அந்தத் தடையின் நோக்கம் என்றால், அன்று அது தலைகீழாக நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கேமராவை எங்கேயாவது கொடுத்துவிட்டுப் போவோம் என்றால் டோக்கன் போட்டுப் பொருள் வாங்கி வைக்கும் அறை அந்த அரங்கத்தில் இல்லை. எதிரே இருந்த ஜூஸ் கடைக்காரரிடம் கெஞ்சினேன். ஒரு லட்சத்துக்கு மேல் போகும் பையை எலுமிச்சை மூட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். உள்ளே ஓடுவதற்குள் முதல் 15 நிமிடப் பகுதி முடிந்துவிட்டது. மீதி ஆட்டத்தையும் பாதி மனதோடுதான் பார்த்தேன், மறுபாதி அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பகுதியில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, பெனால்டி கார்னரில் கோல்கீப்பரின் காலில் பட்டுத் திரும்பிய பந்தைத் தட்டி உள்ளே அனுப்பினாள். இறுதிப் போட்டி ஒன்றில் அவளுக்கு அது முதல் கோல். போனை எடுத்து அமுக்கினேன். விளக்குகள் தீப்பந்தம் போல விழுந்திருக்கின்றன. கோல்கீப்பர் ஒரு வெள்ளைத் தீற்றல். மட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. பந்தைக் காணோம். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறார். லீவு போட்டால் கூலி போய்விடும் என்று வரவில்லை. ஊர் திரும்பியதும் ஸ்டுடியோவுக்கு வந்து, "அண்ணே, கோல் போட்ட போட்டோவ மட்டும் பெரிசாப் போட்டுக் குடுங்க" என்றார். ஜூஸ் கடைக் கதையைத்தான் சொல்ல முடிந்தது.

இந்தக் காலத்தில் போனே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பகலில், பக்கத்தில் நிற்பவரை எடுக்கப் போதும். ராத்திரி விளக்கில் ஓடும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்க, கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காவது திறந்து மூட வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் போதுமான வெளிச்சத்தை வாங்குவதற்குத்தான் அகன்ற கண்ணாடியும் கனமான லென்ஸும். காவலாளிகளைப் பயமுறுத்தும் அந்தப் பருமனுக்கு வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

கேமராத் தடை எல்லா இடத்திலும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஐபிஎல் ஆட்டங்களின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் கேலரியில் கேமரா கூடாது என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 2023 ஆகஸ்டில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை போன்ற சர்வதேசப் போட்டிகளுக்கும் அவர்களுக்கென்று ஒப்பந்தம் உண்டு. ஆனால் மாவட்டப் போட்டிக்கும், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கும், முதலமைச்சர் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளுக்கும் எந்த டி.வி. வருகிறது? பல ஆட்டங்களுக்கு ஒரு நிருபர்கூட வருவதில்லை. பெரிய போட்டிக்குப் போட்ட விதியை, கேட்டில் நிற்கும் ஏஜென்சி ஆட்கள் அடுத்த வாரம் பள்ளிக்கூடப் போட்டிக்கும் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. கையில் எழுத்து இல்லாதபோது, விட்டுத் திட்டு வாங்குவதைவிடத் தடுத்துத் திட்டு வாங்குவது அவர்களுக்குப் பத்திரம்.

இன்னொரு காரணம் சொல்வார்கள், அது முக்கியமானது. பெண் பிள்ளைகளைத் தப்பான நோக்கத்தோடு படமெடுப்பவர்கள் வருகிறார்கள் என்பது. உண்மைதான். ஒரு போட்டியில், மாணவிகள் உடலை வளைத்துப் பயிற்சி செய்யும் நேரத்தில் ஒருவர் கம்பி வேலியோரம் நின்று எடுத்துக்கொண்டே இருந்தார். பயிற்சியாளர் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக விரட்டினார். அந்த ஆள் கையில் இருந்தது போன். கேட்டில் லென்ஸை அளக்கும் விதியால் அவரைத் தடுத்திருக்க முடியாது. அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் பகுதியைப் படமெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு சொல்கிறது. இதை அரங்க வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டு, புகார் சொல்ல ஒரு போன் நம்பரும் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கூடும். நீச்சல், ஜிம்னாஸ்டிக் போன்ற போட்டிகளில் படமெடுப்பவர் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்றும் வைக்கலாம். என் பெயரை முதல் ஆளாக எழுதிக் கொடுப்பேன்.

வெளியூர்களில் எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். விம்பிள்டன் டென்னிஸில் 300 மில்லிமீட்டருக்கு மேல் போகும் லென்ஸ் கூடாது. அமெரிக்கக் கால்பந்து அரங்குகள் பலவற்றில் 6 அங்குலத்துக்கு மேல் நீளமான லென்ஸ் கூடாது. இரண்டும் கறாரான விதிகள்தான், ஆனால் ரயில் ஏறும் முன்பே எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டில் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டில் எனக்கு விம்பிள்டன் வழிதான் பிடித்திருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கு லென்ஸிலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிக்கலாம். அங்குலத்தில் வைத்தால் நம் ஊரில் அது மறுபடி சாணுக்கே வந்துவிடும். நம் நாட்டிலேயே மத்தியத் தொல்லியல் துறை 2018-இல், அஜந்தா குகை, தாஜ் மகாலின் கல்லறை மண்டபம் போன்ற சில இடங்கள் தவிர மற்ற நினைவுச்சின்னங்களில் படமெடுக்கலாம் என்று அறிவித்தது. எங்கே கூடாது என்று பெயர் சொல்லிவிட்டதால் மற்ற இடங்களில் வாக்குவாதத்துக்கு வேலையில்லை.

எனவே தாங்கள் கனிவுகூர்ந்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழுள்ள எல்லா அரங்குகளுக்கும் பொருந்தும்படி ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறேன். ஒளிபரப்பு ஒப்பந்தம் இல்லாத போட்டிகளில் 300 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸை, கழற்றி மாட்டுவதோ மாட்டாததோ, பார்வையாளர் கொண்டுவரலாம் என்று அதில் இருக்கட்டும். ஃபிளாஷும் முக்காலியும் வேண்டாம். ஃபிளாஷ் கோல்கீப்பரின் கண்ணைக் கூசும், முக்காலி நடைபாதையில் காலை வாரும். தனியாருக்கு அரங்கத்தை வாடகைக்கு விடும்போது, அவர்களுக்கு வேறு விதி வேண்டுமென்றால் டிக்கெட் விற்கும் முன்பே அறிவித்து டிக்கெட்டிலும் அச்சடிக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கேட்டில் திருப்பி அனுப்பினால், எந்த விதியின்படி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றாலே பாதித் தடைகள் தானாகக் காணாமல் போகும் என்பது என் அனுபவம்.

இவற்றில் எதுவும் உடனே முடியாது என்றால், டோக்கன் அறையையாவது முதலில் திறக்க ஆணையிடுங்கள். ஒரு மேசை, ஒரு பூட்டுள்ள அலமாரி, ஒரு ஆள். கட்டணம் வைத்தாலும் கொடுக்கத் தயார். வேலை முடிந்து நேரே வரும் தகப்பன் மடிக்கணினியையும், பேருந்திலிருந்து இறங்கி வரும் தாய் கட்டைப்பையையும் வைக்க இடமில்லாமல் கேட்டில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்காவது ஜூஸ் கடைக்காரர் கிடைத்தார்.

வரும் கல்வியாண்டின் போட்டிகள் தொடங்கும் முன் இது குறித்து முடிவெடுத்து, எனக்கும் ஒரு பதில் அனுப்பும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)
இடம்: கோவில்பட்டி

இணைப்பு:
1. முதல் நாள் கேமராவில் எடுத்த படம்: தடுக்கப் பாயும் கோல்கீப்பர், பந்து வரை தெளிவாகத் தெரிகிறது.
2. மூன்றாம் நாள் அதே கோல் கம்பத்தின் அருகே போனில் எடுத்த படம். கோல் போட்டவள் இடமிருந்து இரண்டாவது. நீல நிறத்தில் கலங்கலாகத் தெரிவது.