வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் ஒரு நகர அட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை இங்கே சிங்கப்பூரில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். நான் இளஞ்சிவப்பு ஐசியை, அதாவது குடிமக்களின் அடையாள அட்டையை, நீட்டினேன், டிக்கெட் இலவசம். அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய வொர்க் பெர்மிட்டை, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அனுமதி அட்டையை, பிளாஸ்டிக் உறையோடு தூக்கிக் காட்டினான், காசு கேட்டார்கள். விதி அதுதான், கவுன்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது. “பரவாயில்லண்ணே, நான் வெளியே நிக்கிறேன்” என்றான். எம்ஆர்டி ரயிலின் சுரங்கப் பாதையில் வேலை பார்க்கிறவன் அவன்! டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

நியூயார்க்கில் 2015 முதல் நகர அட்டை ஒன்று தருகிறார்கள். எந்த நாட்டுக்காரர், என்ன விசா என்று கேட்பதில்லை. அடையாளத்தையும் அந்த நகரில் குடியிருப்பதையும் காட்டினால் போதும், கட்டணமும் கிடையாது. அதை வைத்து நூலக உறுப்பினராகலாம், பல அருங்காட்சியகங்களில் ஓராண்டு உறுப்பினராகவும் சேரலாம். அதற்கு முன்பே, 2007இல், அமெரிக்காவின் இன்னொரு நகரமான நியூ ஹேவன் இதைத் தொடங்கிவிட்டது.

நமக்கு ஐசி இருக்கிறதே, இன்னொரு அட்டை எதற்கு என்பீர்கள். சரி, நமக்கு வேண்டாம். வொர்க் பெர்மிட் ஒரு முதலாளியிடம் வேலை பார்ப்பதற்கானது; அது வேலைக்கான சீட்டு. பத்து வருஷம் இங்கே உழைப்பவருக்கு நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் அருங்காட்சியகத்தில் இலவசமாக நுழையவும் ஓர் அட்டை கொடுத்தால் என்ன? புதிய பிளாஸ்டிக்கூடத் தேவையில்லை, கைப்பேசியிலேயே தரலாம். முதலில் தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்றில் தொடங்கிப் பார்க்கட்டும்.

– வாசகர், ஈசூன்