நுங்கம்பாக்கம் எப்போது இங்கிலாந்துக்குப் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் அறிவியல் பக்கத்தில், '67 ஆசியா' என்ற சிறுகோளை வானியலாளர் நார்மன் போக்சன் 1861-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார் என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அவர் அதைக் கண்டது நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தில், ஏப்ரல் 17 அன்று என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால்தான் அந்தப் பெயரே. இங்கிலாந்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஏன் ஆசியா என்று பேர் வைக்கப்போகிறார் என்று பக்கம் திருத்தியவருக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா?

போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என்னிடம் மாலையில் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு வினாடி வினாவில் 'சென்னை' என்று சரியாகச் சொல்ல, நடுவர் தங்கள் பத்திரிகையின் நறுக்கை எடுத்துக் காட்டித் தவறு என்றுவிட்டார். அச்சில் வந்ததை எதிர்த்து ஒரு சிறுமி என்ன பேச முடியும்? அந்தச் சிறுகோளை எங்கள் மொட்டை மாடித் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தவள் அவள்.

அந்தச் செய்திக்குப் போட்ட படமோ அதைவிட அழகு. தீப்பிழம்பாக ஒரு பாறை பூமியின் மேல் பாய்கிறது! செவ்வாய்க்கு அப்பால், சிறுகோள் பட்டையின் உட்பகுதியில், சூரியனை ஒருமுறை சுற்ற மூன்றே முக்கால் வருடம் எடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் போகிற கல் அது. எங்கள் வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் கிட்டத்தட்ட அகலம் இருக்கும். செவ்வாயின் பாதையைக்கூட அது தொடுவதில்லை. இருந்தும் தங்கள் பத்திரிகையில் சிறுகோள் என்று வந்தாலே உலகம் அழியத்தான் வேண்டும். போன வருடமும் இதைப் பற்றி எழுதினேன். நான்கு வரியாக வெட்டி, வாணியம்பாடியை வந்தவாசி ஆக்கி வெளியிட்டீர்கள். நன்றி.

போக்சன் மெட்ராஸிலிருந்து மட்டும் ஐந்து சிறுகோள்களைக் கண்டவர். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறும் விண்மீனையே, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனையே, கண்டுபிடித்தார். அவர் பெயர் தங்கள் பக்கங்களில் வந்து நான் பார்த்ததில்லை. அந்த வானாய்வுக்கூடத்தில் 1792-ல் நட்ட கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்தபடி, இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. தங்கள் புகைப்படக்காரர் ஆட்டோவில் போய்வரலாம். போக்சனின் கடைசிச் சிறுகோள் 1885-ல். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் கழித்து, 1988-ல், எங்களுக்குப் பக்கத்து ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வுக்கூடத்தில்தான் இராமானுஜன் பெயர் தாங்கிய 4130-ஆம் எண் சிறுகோள் கிடைத்தது. இதையும் நீங்கள் எழுதப்போவதில்லை என்று தெரியும். எழுதினால் காவலூர் கர்நாடகத்துக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு.

இத்தனை தப்பு நடக்கிற பத்திரிகையில் ராசிபலன் கட்டம் மட்டும் ஒருநாளும் இடம் மாறி வந்ததில்லை. அந்தக் கவனத்தில் கால்வாசி அறிவியல் பக்கத்துக்குக் கிடைக்காதா?

நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம்: 'மெட்ராஸில் கண்டுபிடிக்கப்பட்டது.' தேதியோடு வெளிவந்தால் அந்தப் பெண் நறுக்கி எடுத்துக்கொண்டு போய் நடுவரிடம் காட்டுவாள். வரி விளம்பரங்களுக்குக் கீழே ஒளித்து வைக்காமல், முடிந்தால் ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். நடுவர் அதைக் கட்டாயம் படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
வாணியம்பாடி (வந்தவாசி அல்ல)